விடை தெரியாத வினா: தமிழகத்து ஆங்கில வகுப்பறையும் சிறுவரின் அறியும் ஆர்வமும்

தமிழகத்தில் ஆங்கிலம் கற்பிக்கப்பட்ட வரலாறு பெரும்பாலும் அரசாணைகளின் வரலாறாகவும், மொழிக்கொள்கைப் போராட்டங்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்திருக்கிறது. வகுப்பறைக்குள் அமர்ந்திருந்த சிறுவன் எதை அறிய விரும்பினான், அவனுக்கு முன் வைக்கப்பட்ட பாடத்தில் அந்த விருப்பத்துக்கு இடம் இருந்ததா என்பது பற்றிய ஆய்வுகள் குறைவு. பாடநூல்களும் ஆய்வாளர் அறிக்கைகளும் தேர்வு முடிவுகளும் ஆவணக் காப்பகங்களில் கிடைக்கின்றன. சிறுவர்கள் கேட்ட கேள்விகளை எவரும் எழுதிவைக்கவில்லை. ஆயினும் ஆசிரியர்கள் கேட்ட கேள்விகள் பாடநூல்களிலும் பயிற்சிக் கையேடுகளிலும் தங்கியிருக்கின்றன, அவற்றைக் கூர்ந்து பார்த்தால் இரு வகை தென்படும். கேட்பவருக்கும் கேட்கப்படுபவருக்கும் விடை முன்பே தெரிந்திருக்கும் வினா ஒரு வகை. விடையைத் தேடிக் கண்டறிந்தாலொழியப் பதில் சொல்ல முடியாத வினா மற்றொரு வகை. கடந்த 300 ஆண்டுகளில் இத்தமிழ் நிலத்து ஆங்கில வகுப்பை முதல் வகை வினாவே ஆண்டுவந்திருக்கிறது. இரண்டாம் வகை எப்போது, யாரால், எவ்வளவு காலம் உள்ளே நுழைந்தது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

ஆங்கிலம் வருவதற்கு முன் சிறுவர் கல்வியின் இடமாக இருந்தது திண்ணைப் பள்ளிக்கூடம். சிறுவர்கள் மணலைப் பரப்பி அதில் விரலால் எழுத்தை எழுதிப் பழகினர். பிறகு ஓலைக்கு மாறினர். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நிகண்டு, எண்சுவடி ஆகியவற்றை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்தனர். வகுப்பில் முந்தி நின்ற மாணவன் சட்டாம்பிள்ளையாகி, இளையவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, அவர்களைக் கண்காணிக்கவும் செய்தான். மாணவர் தமக்குள் வினவுவதும் விடையளிப்பதும் கல்வியின் கூறுகள் என நன்னூலின் பொதுப்பாயிரம் வகுத்திருந்தபோதும், அது மேற்படிப்பு மாணவருக்கு உரிய நெறியாகவே இருந்தது. திண்ணையில் அமர்ந்த சிறுவனுக்குக் கேள்வி கேட்கும் உரிமையைவிடப் பிரம்படியே அதிகம் கிடைத்தது. இருந்தும் இம்முறையை வெறும் உருப்போடல் என்று ஒதுக்கிவிடுவது நியாயமன்று. சிறுவன் உருப்போட்டது தன் வீட்டிலும் தெருவிலும் வழங்கிய மொழியை. ஆதலால் இன்று விளங்காத பாட்டு, வயது ஏற ஏறத் தானே பொருள் தந்தது. இதே முறையை எவரும் பேசாத அந்நிய மொழிக்குப் பொருத்தியபோது, பொருள் பின்னால் வந்து சேரும் என்ற அந்த எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. பின்னாளைய இடர்களில் பல இங்கிருந்தே தொடங்குகின்றன.

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் 1715இல் ஆங்கிலம் கற்பித்த புனித மேரி தருமப் பள்ளி தொடங்கப்பட்டது. அதற்கு வெளியே ஆங்கிலம் அறிந்தவர்கள் பெரும்பாலும் துபாஷிகளாக, அதாவது கம்பெனி வணிகர்க்கும் உள்ளூராருக்கும் இடையே மொழிபெயர்ப்பும் தரகும் செய்தவர்களாக, இருந்தனர். அவர்களிடம் அம்மொழி தொழிற்கருவி. 1780களில் தஞ்சாவூர் ரெசிடெண்டாக இருந்த ஜான் சல்லிவனும் மதபோதகர் ஷ்வார்ட்ஸும் தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஊர்களில் ஆங்கிலப் பள்ளிகளை ஏற்படுத்த முயன்றதற்கும் ஆட்சிக்குத் தேவையான ஆள்களை உருவாக்கும் நோக்கமே முதன்மைக் காரணம். சதர் நீதிமன்றத்தின் மொழிபெயர்ப்பாளரான வென்னெலகண்டி சுப்பாராவ் 1820இல் சென்னைப் பள்ளிப் புத்தகக் கழகத்துக்கு எழுதிய குறிப்பில், உள்ளூர் மாணவர் பொருள் புரியாமல் பாடம் ஒப்பிக்கும் வழக்கத்தைக் குறைகூறினார். தாமே முயன்று ஆங்கிலம் கற்று உயர்ந்த ஒருவரிடமிருந்து இக்குறை எழுந்தது என்பதால் அதன் மதிப்பு கூடுகிறது.

இடையில் எழும்பூரில் நடந்த ஒரு சோதனை உலகப் புகழ் பெற்றது. 1789இல் அங்கிருந்த படைவீரர் ஆண் குழந்தைகள் காப்பகத்தின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், ஐரோப்பியப் படைவீரர்களுக்கும் இந்தியத் தாய்மார்களுக்கும் பிறந்த சிறுவர்களின் கல்விக்குப் பொறுப்பாளரானார். உள்ளூர்ப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் எழுதுவதைக் கண்ட அவர் அதைத் தம் காப்பகத்திலும் புகுத்த விரும்பினார். சம்பள ஆசிரியர்கள் அதை ஏற்கவில்லை. எனவே ஜான் ஃபிரிஸ்கன் என்னும் 8 வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அச்சிறுவன் ஆசிரியர்கள் முடியாது என்று கைவிட்டதைச் செய்துகாட்டினான். சட்டாம்பிள்ளை முறைதான் வேறு பெயரில் எழும்பூருக்கு வந்தது என்று சொல்லலாம். ஆனால் பெல்லின் வகுப்பில் ஒரு புதுமையும் இருந்தது. எழுத்தைத் தன் வயதொத்தவனுக்குப் புரியவைப்பது எப்படி என்பது ஃபிரிஸ்கனுக்கு விடை முன்பே தெரிந்திராத வினா. அதற்கு அவனே வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

பெல் 1797இல் இலண்டனில் வெளியிட்ட அறிக்கையின் வழியே ‘சென்னை முறை’ இங்கிலாந்துக்குச் சென்றது. 1811இல் அமைந்த தேசியக் கழகம் அதைத் தன் ஏழைப் பள்ளிகளில் பரப்பியது. அங்கே ஃபிரிஸ்கனின் கண்டுபிடிப்பு மறைந்து, குறைந்த செலவில் நூற்றுக்கணக்கான சிறுவரை ஒரே கூடத்தில் அடக்கிவைக்கும் சிக்கனம் மட்டுமே எஞ்சியது. பயணப்பட்ட முறைகள் பலவற்றுக்கும் இந்தக் கதி நேர்ந்திருக்கிறது.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டு, 1826இல் தொகுத்த கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர். இவற்றுள் பெரும்பாலானவை தாய்மொழிப் பள்ளிகள். 1835இல் ஆங்கிலக் கல்வியை வலியுறுத்திய மெக்காலே குறிப்பு வெளியானது. 1841இல் சென்னையில் பிரசிடென்சி உயர்நிலைப் பள்ளி தோன்றியது. 1844இல் ஆங்கிலம் கற்றவருக்கு அரசுப் பணியில் முன்னுரிமை தரும் கொள்கை அறிவிக்கப்பட்டது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டு மெட்ரிகுலேஷன் தேர்வு ஏற்பட்டது. சுமார் இருபது ஆண்டுகளுக்குள் ஆங்கிலம் துபாஷியின் கருவியாக இருந்த நிலையிலிருந்து ஒரு தலைமுறைக் குடும்பங்களின் எதிர்பார்ப்பாக மாறிற்று. குமாஸ்தா வேலைக்கு மெட்ரிக் தேர்ச்சி, மெட்ரிக் தேர்ச்சிக்கு ஆங்கிலம் என்ற கணக்கு வீடுகளில் மனப்பாடமாயிற்று.

இக்காலத்தில் வகுப்பறையின் இயல்பைத் தீர்மானித்த அமைப்பு ஒன்று அதிகம் பேசப்படுவதில்லை. அது முடிவுசார் மானிய முறை: ஆய்வாளர் ஆண்டுக்கொருமுறை பள்ளிக்கு வந்து மாணவரைச் சோதித்து, தேறியவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பள்ளிக்கு அரசு மானியம் தரும் ஏற்பாடு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை மாகாணம் இம்முறையை விரிவாகக் கையாண்டது. ஒவ்வொரு சிறுவனும் பள்ளிக்கு வருவாய் தரும் அலகானான். ஆய்வாளர் எந்தப் பக்கத்தைப் படிக்கச் சொல்வார், எந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்பார் என்று ஊகித்து அதையே பழக்குவது ஆசிரியரின் நாள் வேலையாயிற்று. இந்நிலையில் பாடத்துக்கு வெளியே கேள்வி கேட்ட மாணவன் பள்ளியின் பணத்தை வீணடிப்பவனாகத் தெரிந்திருப்பான் என்று எண்ணுவதில் தவறில்லை. அரசு இவ்வமைப்பைப் பின்னர் கைவிட்டது. ஆனால் அது வளர்த்த பழக்கம், அதாவது தேர்வில் வரக்கூடிய வினாவை மட்டும் வகுப்பில் நடத்துவது, அமைப்புக்குப் பின்னும் உயிரோடு இருந்தது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் இதற்கு மாற்றாக எழுந்த சிந்தனைகளுள் குறிப்பிடத்தக்கது டாக்காவில் பணிபுரிந்த மைக்கேல் வெஸ்ட் என்பவருடையது. 1926இல் அவர் வெளியிட்ட இருமொழியம் பற்றிய ஆய்வு, வங்கச் சிறுவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள் பள்ளியை விட்டுவிடுகின்றனர் என்ற உண்மையிலிருந்து தொடங்கியது. படிப்பு பாதியில் நின்றாலும் கையில் எஞ்சும் பயன் என்ன என்று அவர் கேட்டார். பேச்சுத் திறன் நீண்ட பயிற்சிக்குப் பின்னரே பலனளிக்கும். தானே வாசிக்கும் திறனோ இடையில் நின்றவனுக்கும் பயன்படும் என்பது அவர் முடிவு. எனவே புதுச் சொற்களைச் சிறிது சிறிதாக அறிமுகப்படுத்தி, ஒவ்வொரு சொல்லையும் பலமுறை திரும்ப வரச்செய்து, கதை தடையின்றி ஓடும்படி வாசிப்பு நூல்களை அமைத்தார். அடுத்து என்ன நடக்கும் என்னும் ஆவல், அகராதியைப் புரட்டி அலுத்துப்போகாமல் நீடிப்பதற்கான ஏற்பாடாக இதைப் படிக்க வேண்டும். சொல் எண்ணிக்கையைக் கணக்கிட்ட அறிஞர் என்றே வெஸ்ட் நினைவுகூரப்படுகிறார். அக்கணக்கு சிறுவனின் ஆவலுக்காகச் செய்யப்பட்டது என்பது பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது.

விடுதலைக்குப் பின் வந்த மாற்றம் வேறு திசையில் சென்றது. 1950களில் சென்னை மாநிலம் கட்டமைப்பு அணுகுமுறை எனப்படும் முறையை ஏற்றது. ஆங்கிலத்தின் அடிப்படை வாக்கிய வடிவங்களை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் வாய்மொழிப் பயிற்சியால் பழக்கமாக்குவதே அதன் சாரம். வாக்கிய வடிவத்தின் பொருளை வகுப்பிலேயே காட்சிப்படுத்திக் காட்டுவதால் தமிழில் விளக்கம் சொல்லத் தேவையில்லை என அதன் ஆதரவாளர்கள் கருதினர். இம்முறையை ஆங்கிலம் தொடங்கும் வகுப்புகளின் ஆசிரியர் அனைவருக்கும் கற்பிக்க 1950களின் இறுதியில் மேற்கொள்ளப்பட்ட பெருமுயற்சி ‘சென்னைப் பனிப்பந்து’ எனப்பட்டது. முதலில் சிலருக்குப் பயிற்சி. அவர்கள் மாவட்டங்களுக்குச் சென்று வேறு சிலரைப் பயிற்றுவித்தனர். அவர்கள் மேலும் பலரைப் பயிற்றுவித்தனர். இவ்வாறு எட்ட எண்ணிய ஆசிரியர் தொகை 27,000. பனியையே காணாத வெப்ப நாட்டில் இப்பெயர் எவருக்கும் விந்தையாகப் படவில்லை போலும்.

பனிப்பந்து உருளும்தோறும் பெரிதானது. ஆனால் ஒவ்வொரு படியிலும் காரணங்கள் உதிர்ந்து சடங்குகள் மட்டும் ஒட்டிக்கொண்டன. கடைசிப் படியில் கிராமத்து ஆசிரியரைச் சேர்ந்தது பெரும்பாலும் புத்தகத்தை உயர்த்திப் பிடித்து “வாட் இஸ் திஸ்?” என்று கேட்டு, வகுப்பு முழுதும் ஒரே குரலில் “திஸ் இஸ் எ புக்” என்று முழங்கச் செய்யும் நடைமுறைதான். அது புத்தகம் என்பது வகுப்பிலுள்ள அனைவருக்கும் தெரியும், ஆசிரியருக்கும் தெரியும், அவருக்குத் தெரியும் என்பதும் சிறுவருக்குத் தெரியும். அன்றாட வாழ்வில் எவரும் எவரிடமும் கேட்காத அக்கேள்வி ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் கேட்கப்பட்டது. கட்டமைப்பு அணுகுமுறையின் மூல ஆசிரியர்கள் இதைத்தான் விரும்பினர் என்று சொல்வது அவர்களுக்கு அநீதி. ஆயினும் வாக்கிய வடிவத்தையே பாடத்தின் பொருளாக்கிய எந்த முறையும், அறிவதற்கு எதுவும் இல்லாத வினாக்களில் முடிவது ஏறத்தாழத் தவிர்க்க இயலாதது.

1968 ஜனவரியில் சட்டமன்றம் தமிழ், ஆங்கிலம் என்னும் இருமொழிக் கொள்கையை ஏற்றபின், ஆங்கிலத்தின் இருப்பு உறுதியாயிற்று. ஆனால் வகுப்பறை முறை மாறவில்லை. பல ஆண்டுகள் ஆங்கிலம் பயின்றும் அம்மொழியில் தாமாக ஒரு வாக்கியம் அமைக்க முடியாத மாணவர்கள் கல்லூரிக்கு வந்தபோது பயிற்சி போதவில்லை என்று பலர் எண்ணினர். பயிற்சியின் அடிப்படையே தவறு என்று எண்ணியவர்களுள் ஒருவர் சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு.

பெங்களூரில் இருந்த வட்டார ஆங்கில நிறுவனத்தின் கருத்தரங்குகளில் இவ்வையங்கள் விவாதிக்கப்பட்டன. அவற்றின் விளைவாக 1979இல் கருத்துப்பரிமாற்றக் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. பெங்களூர்த் திட்டம் என்று உலகறிந்த இம்முயற்சி 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய இடங்களின் சாதாரணப் பள்ளிகளில் நடந்தது. வசதியுள்ள தனிப்பள்ளிகளை நாடாமல், தாய்மொழி வழியில் பயிலும் மாணவரின் நெரிசலான வகுப்புகளில் இது நடத்தப்பட்டது என்பதே இதன் சிறப்பு. பிரபுவின் அடிப்படைக் கருதுகோள் சுருக்கமானது: மாணவரின் கவனம் மொழியின் வடிவத்தில் இல்லாமல் பொருளில் பதிந்திருக்கும்போதுதான் வடிவம் அவரறியாமல் உள்ளே சேர்கிறது. எனவே அவரது பாடத்திட்டத்தில் வாக்கிய வடிவங்களும் சொற்பட்டியலும் இல்லை. பணிகள் மட்டுமே இருந்தன. பணி என்பது கொடுக்கப்பட்ட தகவலைக் கொண்டு சிந்தித்து ஒரு முடிவுக்கு வந்து சேரும் செயல்.

இவ்வகைப் பணியின் அமைப்பு ஏறத்தாழ இவ்வாறிருக்கும். சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் ரயில்களின் கால அட்டவணை கரும்பலகையில் எழுதப்படுகிறது. காட்பாடியில் இருப்பவர் நண்பகலுக்கு முன் பெங்களூரை அடைய வேண்டும். அவர் எந்த ரயிலில் ஏற வேண்டும், காலதாமதமானால் அடுத்து எதைப் பிடிக்கலாம் என ஆசிரியர் ஆங்கிலத்தில் கேட்கிறார். முதல் சுற்றில் இதையொத்த ஒரு சிக்கலை வகுப்பு முழுதும் ஆசிரியருடன் சேர்ந்து தீர்க்கிறது. இதற்கு முன்பணி என்று பெயர். பிறகு வேறு எண்களும் ஊர்களும் கொண்ட அதே வகைச் சிக்கலை ஒவ்வொருவரும் தனியே தீர்த்துத் தாளில் எழுத வேண்டும். மதிப்பெண் விடையின் சரிதவறுக்கே. இலக்கணப் பிழைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. “லீவ்ஸ்” என்பதற்குப் பதிலாக “லீவ்” என்று சொன்ன சிறுமியிடம் ஆசிரியர் சரியான வடிவத்தைத் தம் பேச்சில் இயல்பாகக் கையாண்டுவிட்டுக் கடந்துபோவார்; நிறுத்திவைத்து விதி சொல்லமாட்டார்.

பணிகளைப் பிரபு மூன்றாகப் பிரித்தார். ஒருவரிடம் உள்ள தகவலை இன்னொருவருக்குத் தெரிவிப்பது தகவல் இடைவெளிப் பணி. தெரிந்த தகவலிலிருந்து தெரியாத முடிவை வருவிப்பது தர்க்க இடைவெளிப் பணி. தன் விருப்பத்தையோ மனப்பாங்கையோ வெளியிடுவது கருத்து இடைவெளிப் பணி. ஐந்தாண்டு அனுபவத்தில் அவருக்குச் சிறந்ததாகத் தோன்றியது இரண்டாவது. தகவல் இடைவெளி ஒரு பரிமாற்றத்தோடு முடிந்துவிடுகிறது. கருத்து இடைவெளியில் சரியான விடை இல்லாததால் தொடக்க நிலைச் சிறுவர்கள் தடுமாறுகின்றனர். தர்க்க இடைவெளியிலோ விடை உண்டு, அதைச் சிறுவனே சரிபார்க்கலாம், ஆனால் யோசிக்காமல் கிடைக்காது. எவ்வளவு கடினம் இருக்கலாம் என்பதற்கும் ஓர் அளவுகோல் வைத்திருந்தார்: வகுப்பில் பாதிப் பேராவது பணியில் பாதியையாவது வெற்றிகரமாக முடிக்க வேண்டும், அதற்குக் கீழே போனால் அடுத்த பணி எளிதாக்கப்படும். சிறுவர் ஆர்வத்தைப் பாட்டும் விளையாட்டும் வண்ணப்படமுமாகவே கருதுகிறவர்களுக்கு இத்திட்டம் வறட்சியாகப் படலாம். பிரபு குழு வேலையைக்கூட ஊக்குவிக்கவில்லை. சிறுவர்கள் தமக்குள் பேசினால் தாய்மொழிக்குத் திரும்புவார்கள், அல்லது ஒருவர் பிழையை மற்றவர் உறுதிப்படுத்துவார்கள் என்று கருதினார். இத்தடை மிகையானது என்பது வாதத்துக்குரியது. ஆனால் ஆர்வத்தைத் தூண்டும் பொருள் கேளிக்கை அல்ல, தீர்க்கத்தக்க சிக்கல் என்று அவர் கண்டது, இத்துறையில் இந்தியாவில் செய்யப்பட்ட மிகக் கூர்மையான கண்டுபிடிப்பு என்றே மதிக்க வேண்டும்.

1985இல் ஆலன் பெரெட்டாவும் ஆலன் டேவிஸும் வெளியிட்ட மதிப்பீடு இத்திட்டத்து மாணவரையும் வழக்கமான முறையில் பயின்றவரையும் ஒப்பிட்டது. வாக்கிய வடிவத்தைச் சோதித்த தேர்வில் பழைய முறையினரும், பணிகள் சார்ந்த தேர்வில் திட்டத்து மாணவரும் முந்தினர். எந்தப் பக்கமும் சாயாத தேர்வுகளில் திட்டத்தின் வகுப்புகள் பொதுவாக மேம்பட்டிருந்தன. 1987இல் பிரபுவின் நூல் வெளிவந்தபின் பணிவழிக் கற்பித்தல் என்னும் முறை பல நாடுகளில் ஆய்வுப்பொருளாயிற்று. தமிழகத்துப் பள்ளிகளில் அது நிலைக்கவில்லை. காரணம் திட்டத்தின் உள்ளேயே தெரிந்தது. பெரெட்டா பின்னர் ஆராய்ந்தபோது, வெளியிலிருந்து சேர்ந்து கற்பித்தவர்கள் புதுமுறையைத் தன்வயமாக்கியிருந்தனர். அப்பள்ளிகளின் வழக்கமான ஆசிரியர்களிலோ பலர் அதைப் பாதியிலேயே பின்பற்றியிருந்தனர். “திஸ் இஸ் எ புக்” என்ற பாடத்தில் ஆசிரியருக்குத் தேவைப்படும் ஆங்கிலம் பாடநூலிலேயே அச்சிடப்பட்டிருக்கும். ரயில் அட்டவணைப் பாடத்தில் மாணவன் எதிர்பாராத பதில் சொன்னால் அதற்கு ஆசிரியர் அந்தக் கணமே ஆங்கிலத்தில் மறுமொழி சொல்ல வேண்டும். அதற்கான தன்னம்பிக்கையைப் பயிற்சி நிறுவனங்கள் அவர்களுக்குத் தந்திருக்கவில்லை.

வேறொரு நீரோட்டம் கர்நாடகத்திலிருந்து வந்தது. ரிஷிவேலிப் பள்ளியிலும் பிரிட்டிஷ் கவுன்சிலிலும் பணியாற்றிய டேவிட் ஹார்ஸ்பரோ 1972இல் கோலார் மாவட்டத்தில் நீல் பாக் என்னும் சிறிய பள்ளியைத் தொடங்கி, தேர்வும் தண்டனையும் வயதுவாரி வகுப்புப் பிரிவும் இல்லாமல் கிராமத்துச் சிறுவர்களைப் பயிற்றுவித்தார். அதன் தாக்கம் ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளின் வழியே 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்தது, ஆட்சிப்பணி அதிகாரி எம். பி. விஜயகுமாரின் முன்முயற்சியால் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் 2007இல் மாநிலமெங்கும் தொடக்க வகுப்புகளுக்கு விரிந்தது. பாடம் அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, ஏணி எனப்படும் வரிசைப் படத்தில் அடுக்கப்பட்டது. சிறுவர்கள் தாம் இருக்கும் படியைத் தாமே கண்டு அட்டையை எடுத்தனர். சுவரின் கீழ்ப்பகுதியில் அவர்கள் உயரத்துக்குக் கரும்பலகைகள் அமைந்தன. ஆசிரியரின் மேடையிலிருந்து சிறுவரின் பாய்க்கு வகுப்பின் மையம் இடம்பெயர்ந்தது. அடி வாங்கும் அச்சம் குறைந்தது என்ற அளவில் இது பெரிய மாற்றம். ஆங்கில அட்டைகளைப் பொறுத்தவரை மாற்றம் அவ்வளவு ஆழமானதன்று. வேகம் சிறுவனுடையதாயிற்று; அட்டையில் இருந்த பணி பெரும்பாலும் படத்துக்குப் பெயர் சொல்வதும் எழுத்தைப் பொருத்துவதுமாகவே நின்றது. தன் வேகத்தில் செல்லும் உரிமையும் தானே கேட்டறியும் உரிமையும் ஒன்றல்ல. செயல்வழிக் கற்றலைப் பாராட்டியவர்களும் எதிர்த்தவர்களும் இவ்வேறுபாட்டை அதிகம் கருதவில்லை.

2005இல் தேசியக் கலைத்திட்டத்துக்காக ஆர். அமிர்தவல்லி தலைமையிலான குழு தயாரித்த ஆங்கிலம் பற்றிய நிலைப்பாட்டுரை, பொருளுள்ள மொழி வளமாகக் கிடைக்கும் சூழலே கற்றலுக்கு அடிப்படை என்று வலியுறுத்தியதில் பிரபுவின் எண்ணங்களின் தடம் தெளிவாகத் தெரிகிறது. 1996 முதல் சென்னையில் தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் அமைந்த படக்கதை நூல்களை வெளியிட்டுவருகிறது. வெஸ்ட் வேண்டிய அந்த ‘அடுத்து என்ன’ என்னும் ஆவலுக்கு இவை பாடநூலைவிட நெருக்கமானவை. ஆனால் மாநிலத்தின் பெரும்பாலான பள்ளிகளில் ஆங்கில ஆசிரியரின் கணக்கு இன்னும் பாடத்தின் இறுதியிலுள்ள ‘புக் பேக்’ வினாக்களைச் சுற்றியே போடப்படுகிறது. அவ்வினாக்களுக்கு விடை எழுதிய நோட்ஸ் கடைகளில் கிடைக்கிறது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் பெற்றோருக்கும் அந்த விடை ஒன்றே என்ற உடன்பாடு இருக்கிறது. முடிவுசார் மானியம் ஒழிந்து நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அதன் ஆய்வாளர் இப்போது வினாத்தாள் தயாரிப்பவராக வருகிறார், ஆண்டுக்கொருமுறை, அதே போல முன்னறிவிப்போடு.